மூன்று குறை இன்ஷிராஹ்

படத்தை முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பார் இன்ஷிராஹ் அக்கா. நம் கையிலிருந்து டேப்லெட்டை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்துப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கண்ணைச் சுருக்குவார். அப்போதே மூக்கு விடைத்தால் தொலைந்தோம்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஃபிக்ரியின் காப்பிக்கடை மாடியில் கூடுகிறோம். கீழே டிராம் ஓடும்போது மேசை நடுங்கும். ஒன்பது பேர், ஆளுக்கொரு பிழைப்பு. திரையில் முகம் வரைவது ஆசைக்காக. படம் மேசைக்கு மேசை சுற்றிவரும். "வரைஞ்ச கை நல்லா இருக்கணும்!" என்பார் ஃபிக்ரி. "மாஷா அல்லாஹ், உயிரோட பாக்குது!" என்பார் அடுத்தவர். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருந்தாலும் இதே வாழ்த்துதான். குறை சொல்வது வளர்ப்புச் சரியில்லாதவர்கள் வேலை என்பது எங்கள் ஊர் அலெக்சாண்டிரியாக்காரர்களின் நினைப்பு.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருவது இதில்தான். "பொய் சொல்லி அனுப்புறீங்களே, வரைஞ்சவ வீட்டுல போயி எதைத் திருத்துவா? உங்க வாழ்த்தையா?" என்று சூரியகாந்தி விதைத் தோலைத் துப்புவார்.

அவர் முறை வேறு. ஒரு நிறை, மூன்று குறை. நிறை உண்மையாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே நிற்பார். ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவரிடம் கடைசியில் "சட்டைப் பொத்தான் நல்லா இருக்கு" என்றார். பிறகு ஆரம்பித்தார்: "முடியை ஒவ்வொண்ணா ஏன் இழுக்குறீங்க, சேமியாவா அது? முதல்ல மொத்தமா நிழல் போடுங்க. வெளிச்சம் இடப்பக்க ஜன்னல்லேருந்து வருது, கண்ணுல மினுக்கு மட்டும் வலப்பக்கம் எப்படி? கழுத்து எங்கே, தலையை ஆணி அடிச்சு மாட்டினீங்களா?" அடுத்தவர் படத்தில் தன் பேனாவை வைக்கவே மாட்டார். "நான் திருத்தினா அது என் படம்."

பகலில் அவர் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக ஊர்க்காரர்களின் பருக்களை அழித்து, கன்னங்களை வழவழப்பாக்கி, நிறத்தை வெளுப்பாக்குகிறார். கேட்டால், "அது சோறு. இது முகம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

போன செவ்வாய் நப்ரா வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; தெற்கு எகிப்தின் கறுத்த நூபிய இனத்துப் பெண். வியாழக்கிழமை அவள் தங்கை ஸகீனாவுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு நிறுத்துவதற்காக மணப்பெண்ணை வரைந்திருந்தாள். மறுநாள் காலை படம் அச்சுக்குப் போகவேண்டும். ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். ஏதோ உறுத்தியும் நானும் வாழ்த்தினேன்.

அக்கா படத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"முக்காட்டு மடிப்பு நல்லா வந்திருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். ஆனா இது யாருடி?"

"என் தங்கச்சி ஸகீனாதான், அக்கா."

"எந்த ஸகீனா? நீ கறுப்பு, உங்கம்மா கறுப்பு, அவ மட்டும் என்னைக்குப் பாலுல விழுந்தா? கன்னத்துச் சிவப்பு எங்கே? தாடைக்குக் கீழே ஒரு ஊதா ஓடுமே, அது எங்கே? கறுப்புன்னா ஒரே கலர்னு நெனச்சியா? சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கே! தன் கல்யாண வாசல்லயே அவ நின்னு, 'யாரு இந்தப் பொண்ணு'ன்னு கேக்கணுமா?"

நப்ராவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் அல்ல.

"நானாக்கா வெளுப்பாக்கினேன்? போட்டோல இருந்த கலரைத்தானே எடுத்தேன்!" கைபேசியை மேசைமேல் தள்ளினாள். "நிச்சயத்துக்கு எடுத்தது. உங்க ஸ்டுடியோ. நீங்கதானே உக்காந்து சரி பண்ணிக் குடுத்தீங்க?"

படத்தின் ஓரத்தில் ஸ்டுடியோவின் பெயர் இருந்தது.

"சரி விடுங்கம்மா, எல்லாருக்கும் டீ சொல்றேன்..." என்று ஃபிக்ரி இழுத்தார்.

"நீ வாயை மூடு" என்றார் அக்கா.

எனக்கு அக்காமேல் ஆத்திரம் வந்தது. பகலெல்லாம் ஊரையே வெளுத்துவிட்டு, சாயங்காலம் எங்களைக் காய்ச்ச இவருக்கு என்ன உரிமை? பிறகு என்மேலேயே வந்தது. அந்த மாதிரிப் போட்டோவில்தான் நாங்கள் எல்லோருமே இருக்கிறோம். எங்கள் வீட்டுச் சுவரிலும் என் மனைவி பால் நிறத்தில்தான் சிரிக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அக்கா கைபேசியை எடுத்துப் பார்த்தார். முதலாளி சொன்னார், வாடிக்கையாளர் கேட்டார் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

எழுந்து மேசையைத் தரதரவென்று ஜன்னலோரம் இழுத்தார். நப்ராவின் இடது கையைப் பிடித்து, அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, வெயில் விழும் இடத்தில், திரையிலிருந்த ஸகீனாவின் முகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.