பனிக் கவுதாரிக்கு இரண்டாவது சாட்சி

கண்ணால் பார்த்த பறவையை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதைப் பக்கத்தில் நின்று காட்டிய நண்பனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யனாக்கினேன்.

மயிலாப்பூரில் எங்களுக்கு ஒரு பறவை நோக்கர் குழு உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அடையாறு முகத்துவாரத்தில் கொக்கைப் பார்ப்பதைவிட, பார்த்ததை மாதக் கூட்டத்தில் விவரிப்பதில்தான் எங்களுக்கு ஆர்வம். படம் இல்லாத பறவையைக் கணக்கில் ஏற்க வேண்டுமானால், கூட இருந்த ஒருவர் எழுந்து 'நானும் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எந்தக் கோப்பையும் நாங்கள் இவ்வளவு அக்கறையாகப் பரிசீலித்ததில்லை.

நண்பன் நங்கநல்லூர்க்காரன், கல்லூரி நாளிலிருந்து பழக்கம். இமயமலையில் பனிக் கவுதாரியைப் பார்ப்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இருவருமாகக் கிளம்பினோம். நான் தி.நகரில் பூட்ஸ், ஊன்றுகோல், குளிர்சட்டை எல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டு கொலு பொம்மை மாதிரி நின்றேன். அவன் பழைய கான்வாஸ் ஷூவும் மப்ளருமாக வந்தான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே நான் மூச்சு வாங்கிப் பாறையில் சாய்ந்திருந்தேன். "டேய், ஆடாதே. அதோ பாரு!" என்றான். சாம்பல் கோடு போட்ட உடம்பு, சிவந்த அலகு, சிவந்த கால். கல்லோடு கல்லாக நின்றது. அவனிடம் கேமரா கிடையாது. என்னுடையது பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு அடியில் இருந்தது. எடுப்பதற்குள் பறவை சரிவில் இறங்கிப் பறந்துவிட்டது.

கூட்டத்தில் அவன் சொல்லி முடித்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். இத்தனை சாமான் சுமந்த என்னை விட்டுவிட்டு, பறவை அவன் கண்ணில் முதலில் பட்டதே என்று எனக்குப் புழுக்கம்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை சார்," என்றேன்.

"மேல ஆக்ஸிஜன் கம்மி சார். கவுதாரி என்ன, டைனோசரே தெரியும்!" என்றார் தலைவர். அன்றிலிருந்து அவனுக்கு 'ஆக்ஸிஜன் மாமா' என்று பெயர். சில மாதங்களில் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். என் போனையும் எடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். குழு காபி குடித்தபடி கூடிப் பேசியது.

"பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டவர் சாட்சி செல்லாது சார். கவுதாரியைச் சேர்க்க முடியாது. நீங்க இதுவரைக்கும் பார்த்ததா சொன்னதெல்லாம்கூட சந்தேகம்தான்," என்றார் தலைவர். என் ஆந்தை போயிற்று, மீன்கொத்தி போயிற்று. காக்கையைப் பற்றி மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மறுநாள் காலை நங்கநல்லூருக்குப் போனேன். அவன் கிரில் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே எல்லாவற்றையும் கேட்டான்.

"இத்தனை நாளா அது கவுதாரிதான்னு நிச்சயமா இருந்தேன்டா," என்றான். "இப்போ நீயும் பாத்தேன்னு சொல்றியே, எனக்கே சந்தேகம் வந்துடுத்து."