நடுப்பக்கம்

வேலை முடிந்து வந்ததும் அக்கா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடப்பாள். குக்கர் விசிலடிக்க வாயெடுக்கும்போதே ஓடிப்போய் அணைப்பாள். தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "பூனைன்னா நல்லதுதானே, யாருக்கும் தொந்தரவில்ல" என்பாள்.

கை கழுவியதும் பியானோ. தினமும் ஒரே பாட்டு, சுரம் எழுதிய மூன்றே தாள். முதல் தாள், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிப் படுக்கவைப்பது போல இருக்கும். அது முடிந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுவாள். கடைசித் தாளிலும் அதே மெட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். பக்கத்து அறையில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களெல்லாம் அப்படித்தான் வாசித்தாள். தம்பிக்குத் தெரிந்த அக்காவும் அந்தப் பாட்டும் வேறு வேறு இல்லை.

அப்பா போன மறுமாதம் தம்பி வந்தான். இன்சூரன்ஸ் பிடிக்கிறவன், பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்.

"தனியா இங்க என்னக்கா பண்ணப்போறே? வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடு. என் மாமியாருக்கும் இப்ப எழுந்திருக்க முடியல. உன் கை பட்டா நிம்மதியாத் தூங்குவாங்க. மருந்து மாத்திரையெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு."

அக்கா பியானோ முன்னால் போய் உட்கார்ந்தாள். சம்மதம்தான் என்று தம்பி காலை நீட்டிக்கொண்டான். முதல் தாள் முடிந்தது. இந்தத் தடவை அவள் ஒரு தாளை மட்டும் புரட்டினாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடது கை கீழ்ஸ்தாயிக் கட்டைகளில் இடித்தது. வலது கை உச்சியிலிருந்து சரிந்து விழுந்தது. தோள், முதுகு, கொண்டை எல்லாமாகச் சேர்ந்து அடித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டில் யாரோ கதவைத் திறந்தார்கள். புத்தி பிசகிவிட்டதா?

"அக்கா! என்னக்கா இது? நிறுத்து!"

"இதுவும் இதே பாட்டுதான்டா!" கையை நிறுத்தாமல் கத்தினாள். அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை. "அப்பாவுக்குச் சத்தம் ஆகாதுன்னு நடுவுல இருந்ததை விட்டுட்டேன். பாட்டுல மட்டும்தான் விட்டேன்னு நெனச்சியா?"

அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "அவளுக்கு இதுலயெல்லாம் இஷ்டமில்லைங்க" என்று சொல்லி அனுப்பியவன் அவன்தான். அவளைக் கேட்டுவிட்டுச் சொன்னதாக ஞாபகமில்லை.

இடி ஓய்ந்தது. பழைய மெட்டு திரும்பி வந்தது. விரல் தொட்ட கட்டைகளெல்லாம் பழையவைதான். ஆனால் இப்போது அது, அழுது முடித்த ஒருத்தி மூச்சைச் சீராக்கிக்கொள்வது போல அவன் காதில் விழுந்தது.

கடைசி ஓசை அடங்கும்வரை அக்கா கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்தாள். கழுத்து வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சோபாவில் கிடந்த அவனுடைய தோள்பையை எடுத்து, திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடி, அவன் கையில் கொடுத்தாள்.