டின் அடிக்காத நான்கு நாள்

என் மனைவி சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். தொண்ணூற்றெட்டில் கல்யாணமாகி என் ஊரான குன்னத்துக்கு வந்தபோது பீரோ, கட்டில், மிக்ஸியோடு ஒரு கூண்டும் சீராக வந்தது. உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ். ஒன்று பச்சை, ஒன்று நீலம். பீரோவைப் பார்க்க வந்தவர்களும் கூண்டைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கம்பு போடுகிறவன். கதிர் பால் பிடித்த நாளிலிருந்து அறுப்பு வரை பரணில் நின்று டின் தட்டிக் குருவி விரட்டுவதுதான் என் வேலை. பகலெல்லாம் தொண்டை வறளக் கத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கம்பைக் கிண்ணத்தில் கொட்டி இரண்டு பறவைகளுக்கு வைத்தேன். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடுவதே தப்பு என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்தப் பெயருக்குரியது ஆப்பிரிக்காவில் இருக்கும் வேறு பறவையாம். இவை ஆஸ்திரேலியாவின் பட்ஜரிகர் கிளிகள். அங்கே வறண்ட உள்நாட்டில் மழை எங்கே பெய்ததோ அங்கே கூட்டம் கூட்டமாகப் பறந்துபோய்ப் புல் விதை தின்னும். காட்டில் இருப்பவை பச்சைதான். வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய்க் கூண்டில் பெருக்கிய பிறகுதான் நீலமும் வெள்ளையும் பெருகினவாம். வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற ஜாதி. கிட்டத்தட்ட எங்கள் ஊர்க்காரன் மாதிரிதான்.

அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, தண்ணீர் மாற்ற அவள் கூண்டைத் திறந்தாள். பச்சை வெளியே போய்விட்டது. வீட்டை ஒட்டித்தான் எங்கள் கம்பங்கொல்லை. நேராக அதற்குள் போய் இறங்கியது.

அவள் ஓடி வந்து பரணேறி என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். "டின் அடிக்காதீங்க. பயந்து எங்கயாச்சும் போயிடும்."

"அப்ப கம்பு?"

"பசிச்சா அது தின்னுக்கும். நாலு நாள்ல தானா வந்துடுங்க."

கல்யாணமாகி மூன்று மாதம். முதல் தடவையாக என் முன்னால் அழுகிறாள். நான் பரணை விட்டு இறங்கினேன்.

செய்தி குருவிகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. குன்னத்துக் குருவி அத்தனையும் என் கொல்லையில் இறங்கின. பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று, "ஏம்ப்பா, பந்தி போட்டுட்டியா?" என்று கேட்டார். நீலத்தைக் கூண்டோடு பரண் காலில் தொங்கவிட்டோம். அது நாள் முழுக்கக் கூப்பிட்டது. இரண்டாம் நாள் கதிர்களுக்கு நடுவில் பச்சையாக ஒன்று அசைவதைப் பார்த்தேன். அத்தனை வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்காம் நாள் காலை பச்சை வரப்போரம் கிடந்தது. எடுத்துத் தொண்டைக்குக் கீழே இரை தங்கும் பையைத் தடவிப் பார்த்தேன். ஒரு மணிகூட இல்லை. மேலே கம்பு முற்றி நிற்கிறது, கீழே இது பட்டினியில் செத்துக் கிடக்கிறது. கூண்டிலேயே பிறந்தது. தானியம் என்றால் அதற்குக் கிண்ணம்தான். கதிரை அது பார்த்ததே இல்லை. அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வரப்பில் வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கேயே குழி தோண்டிப் புதைத்தேன். அவளிடம், குருவிக் கூட்டத்தோடு பறந்து போய்விட்டது, கண்ணால் பார்த்தேன் என்றேன்.

நீலத்தைக் கூண்டோடு உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு, "இங்க இருந்த வரைக்கும் நல்லாத் தின்னுச்சாங்க?" என்று கேட்டாள்.

"நல்லாத் தின்னுச்சு" என்றேன்.