துறைமுகத்தைச் சுற்றிப் போன குணம் அண்ணை

அந்தச் சனிக்கிழமை காலை, ஒஸ்லோ மத்திய நிலையத்தின் முன்னால் புலிச் சிலையடியில் பயணிகள் வந்து நின்றுவிட்டார்கள். குணம் அண்ணையைக் காணவில்லை. பிந்துகிற மனிதரல்ல அவர். ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய நான், இன்றைக்கு ஆளுக்கு நல்ல ஏச்சுக் கிடக்கு என்று நினைத்தபடி அவருடைய கைபேசிக்கு எடுத்தேன். பேசியது அவருடைய அக்கா பரமேஸ்வரி. வெள்ளிக்கிழமைகளில் வழமையாக அக்கா வீட்டுக்குப் போகிறவர், முதல்நாள் அங்கேயே படுத்திருக்கிறார். "தம்பி போயிட்டான் பிள்ளை. நித்திரையிலையே போயிட்டான்," என்றார் அக்கா.

அவரோடு நடந்த உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு ஒஸ்லோ பார்க்க வருகிற வீகன் பயணிகளை அவர் நடத்திக் காட்டினார். மீன் இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை, தேன் எதையும் தொடாதவர்கள் அவர்கள். அவரும் அப்படித்தான். நான் பின்னால் வந்து ஆட்கள் தவறாமல் பார்த்துக்கொள்பவள். நான் மீன் தின்னாமல் இருக்க மாட்டாதவள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்த முகம் தெரியாத மனிதர்களிடம் சாவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே நடத்தினேன். ஒப்பெரா மாளிகையின் கூரையில் ஏறி இறங்கி, ஆக்கர் ஆற்றங்கரை வழியே அருவி வரைக்கும் போனோம். கிரூனர்லோக்காவில் வெண்ணெய் போடாத கறுவாப் பணிஸ் சுட்டு விற்கிற கடைக்காரி, "குணம் எங்கே?" என்று கேட்டாள். "பின்னால் வருகிறார்," என்றேன். தோயன் தாவரவியல் பூங்காவின் தோட்டக்காரரும் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல நானே திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். கடைசியில் பயணிகளும் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.

எங்களுடைய சனத்துக்கு அவருடைய சாப்பாடு பெரிய பகிடி. கோயிலில் ஒருவர், "பால், மோர் கூட இல்லையெண்டால் அது என்ன சைவம்?" என்று மடக்கினார். "சைவம் கடவுளுக்கு. இது மாட்டுக்கு," என்றார் அண்ணை. கம்பளிச் சட்டைக் கடைகளைக் கண்டால் பயணிகளை நிறுத்தி, "வாங்கத் தேவையில்லை, பாருங்கோ. பாக்கிறதுக்குத்தானே வந்தனீங்கள்," என்பார். அவர் கம்பளி போடமாட்டார். தை மாதக் குளிரிலும் பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு தலையணை மாதிரி வருவார்.

ஒரு கோடையில் சென்னையிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் விடவில்லை. "அண்ணா, ஹார்பர் பக்கம் போகாம ஒஸ்லோ பாத்தோம்னு ஊர்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். நகரசபைக்கு முன்னால் இறால் படகுகள் கட்டியிருக்கிற துறைமுகப் பக்கம் அண்ணை யாரையும் கூட்டிப் போனதில்லை. எப்போதும் சுற்றித்தான் போவார். "இவ கூட்டிக்கொண்டு போவா. நான் மேலை கோட்டையடியிலை நிக்கிறன்," என்றார்.

நான் திரும்பி வந்தபோது கோட்டைச் சுவரில், சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார். அன்றைக்குத்தான் சொன்னார். அகதியாக வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை. வருடக்கணக்காகக் கோட் மீன் வெட்டியிருக்கிறார்.

"மீனுக்கு இமை இல்லைத் தங்கச்சி. வெட்டின பிறகும் பாத்துக்கொண்டுதான் கிடக்கும். நான் படுத்தால் எல்லாம் வந்து கட்டிலைச் சுத்தி நிக்கும். இப்பவும் நிக்கும்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"அந்த மீன் காசாலைதான் அக்கா குடும்பத்தை இஞ்சை எடுத்தனான். அவவிட்டை அதை எப்பிடிச் சொல்லுறது?"

அதனால்தான் அக்கா வீட்டில் மரக்கறி சமைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போவார். தயிர் வைத்தால் வயிறு சரியில்லை என்பார். நல்ல நாள் பெருநாளுக்கு அழைத்தால் விரதம். தம்பி பெரிய பக்திமான் என்று அக்கா ஊரெல்லாம் பெருமை பேசினார்.

எட்டுச் செலவு அன்று ரொம்மனில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். உங்களில் இந்த ஊரில் இருக்கிற சிலரும் வந்திருந்தீர்கள். எட்டாம் நாள் போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். போனவர் வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது படையல் போட்டாகிவிட்டது. இலை நடுவில் கோட் மீன் தலை, குழம்போடு, கண் திறந்தபடி. "தம்பிக்குச் சின்னனிலை மீன் தலையெண்டால் உயிர்," என்று சொல்லிக்கொண்டே அக்கா கதவைச் சாத்தினார்.

அடுக்குமாடி நடைவழியில் சுவரோரமாக நின்றோம். மின்தூக்கியில் வந்து இறங்கிய எதிர்வீட்டு நோர்வேக்காரி, சாவியை உள்ளே விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, மாமாவுக்காக நிற்கிறோம் என்று அக்காவின் மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாமாவா, நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சிரித்துவிட்டு அந்த மனுசி உள்ளே போனாள். உள்ளே அண்ணை வந்து நிற்கிறார், இலையைப் பார்க்கிறார் என்றே மனம் சொன்னது.

"அக்கா, அண்ணை உதைச் சாப்பிடமாட்டார்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுத் தனியாக உள்ளே போனார். மீனை எடுத்தார். சட்டி, கரண்டி, குழம்பு பட்ட இலை எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, யன்னலைத் திறந்து மணம் போகவிட்டார். புது இலையில் சோறும் பருப்பும் வைத்தார். நெய்ப் போத்திலை எடுத்த கை பாதியில் நின்றது. திருப்பி வைத்தார். மறுபடியும் கதவைச் சாத்தி எங்களோடு வந்து நின்றார்.

கதவைப் பார்த்தபடியே சொன்னார். "வாற நேரமெல்லாம் என்னடா வேணும், என்னடா வேணும் எண்டு கேட்டனான் பிள்ளை. என்ன வேண்டாம் எண்டு ஒருக்காவும் கேக்கேல்லை."

சனிக்கிழமை நடையை இப்போது நான் நடத்துகிறேன். துறைமுகத்தைச் சுற்றித்தான் போகிறேன். குணம் அண்ணை விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது அக்கா கேட்காத அந்தக் கேள்வியைத்தான். போன கிழமை சாப்பாட்டு மேசையில், "என்ன வேண்டாம்?" என்று என் மனுசனிடம் கேட்டேன். சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முதல்முறையாகப் பார்ப்பவர் போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.