எதிராளியின் நியாயத்தை முதலில் சொல்: குற்றாலத்தில் ஒரு காஜாத் தகராறு

சென்ற ஆனி மாதக் கடைசியில் நான் குற்றாலத்துக்குப் போனது அருவியில் குளிப்பதற்காக அல்ல. இதை என் வீட்டிலேயே நம்பவில்லை. "சீசன் நேரத்துல குத்தாலத்துக்குக் கெளம்பிட்டு சங்க வேலைன்னா யாரு நம்புவா?" என்று என் மனைவி எண்ணெய்ப் புட்டியையும் துண்டையும் பைக்குள் திணித்தாள். மதுரையில் தையற்கடை ஒன்றில் துணி வெட்டுகிறவன் நான். தையற்காரர் சங்கத்துக்குக் காரியதரிசியும்கூட. எங்களுக்கும் முதலாளிகளுக்கும் தகராறு முற்றி, யாராவது நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைத்தால் தேவலை என்ற நிலைக்கு வந்திருந்தது. குற்றாலத்தில் ஓய்வுபெற்ற முன்சீப் ஒருவர் தென்காசித் தையல் வழக்கொன்றை விசாரிக்கப் போகிறார், போய்ப் பார்த்து வா என்று சங்கத்தார் அனுப்பினார்கள். இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மத்தியஸ்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் தொழிலுக்கு வந்த இருபதுகளில், தையற்கடையில் தகராறு என்றால் பெரிய ஜவுளிக்கடை முதலாளி யாரையாவது கூப்பிடுவார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், வெற்றிலை போடுவார், "மாஸ்டர் சொல்றபடி நடந்துக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். பிறகு வக்கீல்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியும். கழுத்துப்பட்டி எது, கைப்பட்டி எது என்று தெரியாது. மில் தொழிலாளி என்றால் சர்க்கார் அதிகாரி வந்து விசாரிக்கிறார். ஆயிரம் பேர் வாசலில் நின்றால் கலெக்டருக்கும் தூக்கம் போய்விடும் அல்லவா? பத்து மிஷின் போட்ட கடைக்கு யார் வருகிறார்கள்? ஆகவே எங்கள் தொழிலில் நடுவர் கிடைப்பதே அபூர்வம், நல்ல நடுவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

மதுரையில் காலை ரயிலேறி விருதுநகரில் மாற வேண்டும். தென்காசி வரை ஏறக்குறைய நூறு மைல். மூன்றாம் வகுப்புக்கு இரண்டு ரூபாயும் கொஞ்சம் சில்லறையும். யுத்தத்தை முன்னிட்டு வண்டிகளைக் குறைத்துவிட்டதால் நின்றுகொண்டேதான் போனேன். ராஜபாளையத்தில் மலை கண்ணில் படும். கடையநல்லூர் தாண்டும்போது ஜன்னல் வழியே சாரல் முகத்தில் அடித்தது. அதுவரை ரயில்வேக்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் சட்டென்று நல்லவர்களாகிவிட்டோம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியை எரித்து ஓட்டும் கேஸ் பஸ்ஸுக்கு இரண்டணாதான், ஆனால் கரி சரியாகப் பிடிக்கவில்லை என்று பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசையும் கொடுத்துவிட்டுத் தள்ளவும் வேண்டுமா என்று எட்டணாவுக்கு ஒரு ஜட்காவில் ஏறினேன்.

"குளிக்க வந்தியளா அண்ணாச்சி?" என்றார் வண்டிக்காரர்.

வழக்குப் பார்க்க வந்தேன் என்றதும் திரும்பிப் பார்த்தார். "சிதம்பரம் மொதலாளி கம்பெனி வெவகாரமா? எம் பொஞ்சாதியும் அங்கனதான் காஜா எடுக்கா. பொம்பளைகளுக்காவ பிச்சம்மாதான் பேசப் போறா. மத்தவளுக வந்தா வரட்டும், இவளுக்கு மட்டும் இனி வேலை கெடையாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எல்லாருக்கும் சேத்துப் பேசுனா, இப்ப அவ தலை உருளுது."

குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் முழு விவரமும் அவரிடமே கிடைத்துவிட்டது. சிதம்பரம் அண்ணாச்சி பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட்காரர். தென்காசியில் ஒரு ஷெட் போட்டு அதில் ஆண்கள் மிஷினில் தைக்கிறார்கள். பொத்தான் துளைக்கு நூலால் ஓரம் கட்டுவதைக் காஜா எடுப்பது என்போம். அந்தக் கைவேலையைப் பக்கத்துக் கிராமமான குத்துக்கல்வலசைப் பெண்கள் மூட்டையாக வாங்கிப்போய் வீட்டில் செய்து தருகிறார்கள். இனிமேல் அவர்களும் ஷெட்டுக்கே வந்து உட்கார வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டிருக்கிறார். முடியாது என்றார்கள் பெண்கள். அவர்களுக்காக ஆண்களும் மிஷினை நிறுத்திவிட்டார்கள். பட்டாள வேலையை நிறுத்தினால் போலீஸ் வரும், சட்டை போய்ச் சேராவிட்டால் காண்ட்ராக்ட் போகும். இரண்டு பக்கமும் பயந்துபோய் முன்சீப்பிடம் வந்திருக்கிறார்கள்.

முன்சீப் ஐயாவுக்கு ஒரு வழக்கம். வழக்குக்கு வந்த அத்தனை பேரும் அருவியில் குளித்துவிட்டுத்தான் அவர் பங்களாவுக்குள் வர வேண்டும். "அருவிக்கு அடியில யாரும் யாரையும் திட்ட முடியாது. திட்டினாலும் காதுல விழாது" என்று என்னிடம் காரணம் சொன்னார். நானும் குளித்தேன். என் மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! வராந்தாவில் ஜமக்காளம் விரித்திருந்தது. முதலாளியும் துண்டு, தையற்காரர்களும் துண்டு. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவர்கள் ஒருத்தர் மேலும் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத்தலையை முடிந்துகொண்டு பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"உங்க நியாயம் எனக்கு அப்புறம் போதும்," என்று ஆரம்பித்தார் முன்சீப் ஐயா. "முதல்ல எதிராளியோட நியாயத்தைச் சொல்லணும். எதிராளி கேட்டுட்டு, ஆமா, இதுதான் என் நியாயம்னு ஒத்துக்கிட்டாத்தான் சொந்த வழக்கைப் பேசலாம். பிச்சம்மா, நீ சொல்லு."

முப்பது வயதிருக்கும் பிச்சம்மாளுக்கு. கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

"சொல்லுதேன். நாங்க மூட்டையத் தூக்கிட்டுப் போகையில சாரல்ல நனையுது. நனஞ்ச சட்டைய அடுப்புக்கு மேல கொடியில போட்டு ஒணத்துதோம். பொகை வாடை ஏறிப் போவுது. பட்டாளத்து அதிகாரி மோந்து பாத்துட்டு மூட்டையோட திருப்பி அனுப்பிட்டாரு. இன்னொரு மட்டம் திரும்புனா காண்ட்ராக்ட்டே போயிரும். மிஷினு வாங்குன கடன வச்சுக்கிட்டு அண்ணாச்சி எங்கன போவாரு? அவருக்கு எப்படி ஒறக்கம் வரும்? அதான் எல்லா வேலையும் தன் கண்ணு முன்னால நடக்கணும்ங்காரு. அவரு சொல்லுததுலயும் தப்பில்ல."

"என்ன இவ, மொதலாளிக்குப் பரிஞ்சு பேசுதா?" என்று என் பக்கத்திலிருந்த தையற்காரர் முணுமுணுத்தார். எனக்கும் அதே கோபம்தான். ஆனால் சிதம்பரம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. மனிதர் தோளிலிருந்து துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்," என்றார் மெதுவாக. "இதான் என் நியாயம்."

"இப்ப நீங்க சொல்லுங்க," என்றார் முன்சீப் ஐயா.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "வீட்டுல இருந்துக்கிட்டே சொகமா வேலை பாக்கணும்னு நினைக்காளுவ."

"இல்ல," என்றாள் பிச்சம்மாள்.

"ஆம்பளைய இருக்க எடத்துல கூச்சப்படுதாளுவ."

"அது கொஞ்சந்தான்."

"கூலிய ஏத்திக் கேக்காளுவ."

"கூலியப் பத்தி நாங்க வாயே தெறக்கலியே அண்ணாச்சி?"

முன்சீப் ஐயா அவசரப்படவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணாச்சியே, "பின்ன என்னதான் பிச்சம்மா? நீதான் சொல்லேன்," என்றார். அதில் அதிகாரம் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

"இப்ப வயல்ல கார் நெல்லு நடவு. காலையில வயலுக்குப் போயிட்டு மத்தியானந்தான் வாறோம். அதுக்கப்புறம் காஜா. உங்க ஷெட்டு மணி காலையிலயே அடிக்குது. வயல விட்டா நெல்லு வராது. நெல்லு இல்லாம இந்தப் பஞ்சத்துல என்னத்தத் திங்க?" அவள் ஆண்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு. உங்க ஷெட்டுல பொம்பளைக்கு ஒதுங்க ஒரு எடம் கெடையாது. ஆம்பளைய பின்னால ஓடைப் பக்கம் போயிருதாவ. விடிஞ்சதுல இருந்து பொழுது அடையுத வரைக்கும் நாங்க எங்கன போவோம்?"

தையற்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அவை எல்லாம் வெறும் சத்தம் என்று எனக்குப் பட்டது. அண்ணாச்சி எழுந்து, அவள் சொன்ன இரண்டையும் ஒன்று விடாமல் திரும்பச் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஆமா. அதான்," என்றாள் பிச்சம்மாள்.

அதற்குப் பிறகு வாதம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். காஜா வீட்டிலேயே நடக்கும். மூட்டை நனையாமல் கொண்டுபோக முதலாளி தார்ப்பாய் கொடுப்பார். அப்படியும் நனைந்தால் அடுப்புப் பக்கம் போகாமல் ஷெட்டுக்கே கொண்டுவர வேண்டும். அங்கே புகையில்லாத கரித் தணலில் உலர்த்துவார்கள். சுவர் எழுப்பிப் பெண்களுக்கு மறைவிடம் கட்டிய பிறகு, விருப்பமுள்ளவர்கள் மத்தியானத்துக்கு மேல் ஷெட்டுக்கு வரலாம். எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள்.

பிச்சம்மாளின் வேலையைப் பற்றி மட்டும் முன்சீப் ஐயா ஒரு வரிகூட எழுதவில்லை. "நான் எழுதினா நீங்க எனக்குப் பயந்து வேலை குடுப்பீங்க. அது நாலு நாள் தாங்காது. நாளைக்கு மூட்டை போடற நேரத்துல நீங்களே அவகிட்ட சொல்லுங்க," என்று அண்ணாச்சியிடம் சொல்லி எழுந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவும் செய்துவிட்டு அவளை நடுத்தெருவில் விடுவதா? பிச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கதி தெரியாமல் ஊருக்குத் திரும்ப மனம் வரவில்லை. சத்திரத்தில் தங்கினேன். போக நினைப்பவர்கள் அரிசியைக் கையோடு கொண்டு போங்கள். யுத்தகால உணவுக் கட்டுப்பாடு இருப்பதால் ஓட்டலில் எந்நேரமும் சாப்பாடு கிடைப்பதில்லை. இந்தச் சாரலுக்குக் குடை பிரயோஜனமில்லை, மாற்று வேட்டிதான் வேண்டும். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அது குரங்குக்குத்தான். வழக்கோடு வருகிறவர்கள் அதிகம் பேர் வர வேண்டாம். ஆனால் கைவேலை செய்யும் பெண்களை விட்டுவிட்டு வராதீர்கள். புறப்படும் முன் எதிராளியின் நியாயத்தைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அன்றிரவு எங்கள் மதுரை முதலாளியின் நியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே திட்டத் தொடங்கிவிட்டேன். இது எவ்வளவு கஷ்டமான வித்தை என்று அப்போதுதான் புரிந்தது. முன்சீப் ஐயாவின் மேல் மரியாதை கூடியது, பிச்சம்மாளின் மேல் அதைவிடக் கூடியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்தேன். இரண்டாகப் பிளந்து நிற்கும் பெரிய கோயில் கோபுரத்தைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஷெட். உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு மூட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது மூட்டை தீர்ந்துவிட்டது. அவள் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"எங்கன போற? நில்லு," என்றார் அண்ணாச்சி. உள்ளே போய்ப் பெரிய மூட்டை ஒன்றைத் தார்ப்பாயில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "குத்துக்கல்வலசைக்குப் போற மூட்டைக்கெல்லாம் இனிமே நீதான் பொறுப்பு."

"முன்சீப் ஐயா சொன்னாவளா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் பட்டாளத்து அதிகாரி சட்டையப் பாக்க வாறாரு. அவருகிட்ட என் கஷ்டத்தச் சொல்லணும். நான் சொன்னா எனக்கே வெளங்க மாட்டேங்கு. நீ சொன்னாத்தான் நியாயமாத் தெரியுது. நீயும் வந்து பக்கத்துல நிக்கணும்."

பிச்சம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "நிக்கேன் அண்ணாச்சி. ஆனா அன்னைக்கு நடவு இருந்தா மத்தியானத்துக்கு மேலதான் வருவேன்."

"சரி," என்றார் சிதம்பரம் அண்ணாச்சி. "அதிகாரிய மத்தியானமே வரச் சொல்லுதேன்."