கப்பலுக்காக அழுதவள்

ஃபைனா யெகோரவ்னா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தொலைக்காட்சியில் வந்தாள். வராமலே இருந்திருக்கலாம்.

வோல்கா கரையில், கினேஷ்மா நகரின் பொதுக் குளியல்கூடத்தில் சீட்டுக் கொடுப்பவள் அவள். நூற்பாலை மூடியபின் கிடைத்த வேலை. கணவன் காலமாகிவிட்டான். மகன் ரோதியோன், போருக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் எல்லை தாண்டி, அண்டை நாட்டின் திபிலிசி நகருக்குப் போய்விட்டான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். குளிக்க வருகிறவர்கள் பாதிப்பேர் அதைக் கேட்கவே அவள் ஜன்னலருகே சற்று நின்று போவார்கள்.

அக்டோபரில் ஒருநாள் சந்தையில் ஊறுகாய் போட முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"அம்மா, நம்ம தொழிலதிபருங்களோட உல்லாசக் கப்பல், மாளிகை எல்லாத்தையும் மேற்கு நாட்டுக்காரங்க முடக்கிட்டாங்களே, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ஐயோ, நெஞ்சே வெடிக்குதும்மா! பாவம்!" என்று ஃபைனா மாரில் கைவைத்தாள். "கப்பல் இல்லாம அவங்க எங்க போய்க் குளிப்பாங்க? எங்க குளியல்கூடத்துக்கு வரச்சொல்லு. பாய்லர் ரிப்பேர், வெந்நீர் வராது. முதுகைத் தேய்ச்சுவிட வேணா ஆள் பிடிச்சுத் தர்றேன்."

முட்டைக்கோஸ்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மைக்கை நீட்டியவளும் சிரித்தாள்.

மாலைச் செய்தியில் வந்தது "நெஞ்சே வெடிக்குதும்மா, பாவம்" மட்டும்தான். பின்னால் சோகமாகப் பியானோ வேறு. எளிய மக்களும் இந்த அநீதியால் துடிக்கிறார்கள் என்று முடித்தார் செய்தி வாசித்தவர்.

மறுநாளே அந்தத் துண்டு இணையத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு கூட்டம் கொடியும் இதயமுமாகப் போட்டு, இதுதான் ரஷ்யத் தாயின் உள்ளம் என்றது. இன்னொரு கூட்டம், வெந்நீருக்கு வழியில்லாத அடிமை கோடீஸ்வரனுக்காக அழுகிறாள், மூளையைச் சலவை செய்துவிட்டார்கள் என்று காறித் துப்பியது. வெளிநாட்டுக்காரர்கள் அடியில் அவரவர் மொழியில் மொழிபெயர்ப்பு போட்டுச் சிரித்தார்கள்.

ரோதியோன் கூப்பிட்டான். "என்னம்மா பேசி வச்சிருக்க? இங்க கூட வேலை செய்யறவங்க எல்லாரும் பாத்துட்டாங்க. மானம் போகுது."

"நக்கலடிச்சேன்டா! நான் எதுக்கு அவனுங்களுக்காக அழப்போறேன்?"

"வீடியோல நக்கலே இல்லையே."

"வெட்டிட்டாங்கடா, படுபாவிங்க!"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான் இது," என்று போனை வைத்துவிட்டான்.

பெற்ற பிள்ளையே நம்பவில்லை. ஃபைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இணையத்தில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தான் உண்மையில் சொன்னதை முழுதாக எழுதினாள். கொதித்து வந்தன பதில்கள். 'எந்தத் தூதரகத்துல காசு வாங்குற?' 'பயந்து இப்ப மாத்திப் பேசுறியா, கிழவி?' ஒருத்தன் உண்மையான ஃபைனாவை அசிங்கப்படுத்தாதே என்று அவளையே மிரட்டினான்.

'நான்தாண்டா உண்மையான ஃபைனா!' என்று அவள் எழுதினாள். போலிக் கணக்கு என்று யாரோ புகார் செய்ய, கணக்கை முடக்கிவிட்டார்கள்.

அதற்குள் குளியல்கூட மேலாளர் அல்பேர்த் சவேலிச் காதுக்கு விஷயம் போயிருந்தது.

"இணையத்துல என்னவோ எழுதினீங்களாமே, ஃபைனா யெகோரவ்னா? இனிமே வேண்டாம். இப்பெல்லாம் எதுக்கு என்ன வழக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பாய்லர் ரிப்பேர்னுதானே எழுதினேன். ரிப்பேர்தானே?"

"தொலைக்காட்சியில நல்லாப் பேசினீங்க. அதோட விடுங்க. நகர நிர்வாகத்துல பாராட்டுப் பத்திரம் தர்றாங்க."

"எதுக்கு?"

அவர் சற்று யோசித்தார். "உங்க... நாட்டுப்பற்றுக்கு."

"அதை நீங்களே போய் வாங்கிக்குங்க. நான் வரல!"

விழாவுக்கு அவள் போகவில்லை. பல்வலி என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரமே அவளைச் சீட்டு ஜன்னலிலிருந்து எடுத்து, கோட்டு மாட்டும் அறையில் போட்டார் மேலாளர். அங்கே நின்று பேசப் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

குளிர்காலத்தில் அவள் பிறந்தநாளுக்கு ரோதியோன் மறுபடி கூப்பிட்டான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, "அன்னிக்கு என்னதான் சொன்ன?" என்றான். ஃபைனா ஒரு சொல் விடாமல் சொல்லிக் காட்டினாள். மாரில் கையும் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் ரோதியோன் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தான்.

"அம்மா, இதை நான் பதிவு பண்ணிப் போடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"வேண்டாம். நான் இந்த ஊர்ல இருக்கணும்."

"அப்ப அந்தப் பொய்யே நிக்கட்டுமா?"

"நீயே அன்னிக்கு நம்பல. ஊரான் நம்பி எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள் எரிச்சலோடு. சாப்பிட்டாயா என்று அவள்தான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

அந்தத் துண்டையும் ஜனங்கள் மறந்தார்கள், அடுத்து வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒருநாள், கோட்டைக் கழற்றிக் கொடுத்த ஒரு பெண் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே, அக்கா."

"என்னையா? இருக்காது," என்று கோட்டைக் கொக்கியில் மாட்டினாள் ஃபைனா. "தலையை நல்லாத் துவட்டிட்டு வா. வெளியில பனி கொட்டுது."