காருக்குப் போட்ட வேன் டயர்

எழுபதுகளின் கடைசியில் என் பழைய காருக்கு டயர் மாற்றப் போனேன். அதே அளவில் வேன் டயர் இருந்தது. "மூட்டை ஏத்துற டயரு சார், கல்லு மாதிரி இருக்கும், தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் கடைக்காரர். நீண்ட நாள் உழைக்குமே என்று அதையே மாட்டச் சொன்னேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அடுத்த வாரம் மனைவிக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிள்ளைச்சாவடியில் இருந்த தாய்வீட்டுக்கு என் காரிலேயே கொண்டுபோய் விடுவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்று காலை பூ வாங்க மாமியாரைப் பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் தலை கூரையைத் தொட்டு வந்தது. வீடு திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வேணாம் மாப்ள. இதுல ஏத்துனா புள்ள வழியிலயே பொறந்துடும்."

காற்றைக் குறைத்துப் பார்த்தேன், ஆட்டம் அடங்கவில்லை. எரிச்சலில் டயரை உதைத்தேன், என் கால்தான் வீங்கியது.

மாலையில் தாயும் மகளும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்கள். பெட்டியையும் பலகாரத்தையும் ஏற்றிக்கொண்டு நான் காரில் பின்னால் குதித்துக் குதித்துப் போனேன். பாதி வழியில் ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒடையிற சாமான் எதனா இருந்தா குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்."